தம்பி நனைவானா?

'மழைக்காலம்' என்ற தலைப்பில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொல்லியிருந்தேன். 2024 அக்டோபரில் பத்தாம் வகுப்புக்கு நான் வைத்த சாதாரண வகுப்புத் தேர்வு அது. திருத்த வந்த 38 தாள்களில் 37 தாள்கள் முன்னுரையில் தொடங்கி, வடகிழக்குப் பருவக்காற்றைத் தொட்டு, உழவரை வாழ்த்தி, மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்தி முடிவுரையில் வந்து நின்றன. ஒரே ஒரு தாள் மட்டும் மழையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு, ஓட்டு வீட்டின் மேல் தார்ப்பாய் விரிப்பது எப்படி என்பதைப் பக்கம் முழுக்க விவரித்திருந்தது. எந்த முனையை முதலில் கட்ட வேண்டும், கடல் பக்கமிருந்து காற்று வந்தால் செங்கல்லை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அப்பா ஏறினால் ஓடு உடையாது என்றும், ஓட்டுக்கு அடியில் சட்டம் எந்த இடத்தில் போகிறது என்பது அவருக்குத் தெரியும் என்றும், தான் ஏறியபோது நான்கு ஓடுகள் நொறுங்கின என்றும் அந்த மாணவன் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் 'தலைப்பை ஒட்டி எழுதுக' என்று ஓரத்தில் எழுதிப் பத்துக்கு மூன்று போட்டேன்.

அவனுடைய அப்பா சித்திரை மாதத்தில் இறந்துபோன செய்தி எனக்கு மறுநாள் ஆசிரியர் அறையில்தான் தெரிந்தது. நான் அவனுடைய வகுப்பாசிரியர் அல்லன் என்பது ஒரு சாக்கு. அதை நான் அப்போதே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி, இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் கிடந்த ஒரு நாவலைத் தேடினேன். ஏனென்றால் நான் செய்த இதே குற்றம் அந்த நாவலின் தொடக்கத்திலும் நடக்கிறது. விடுதி அறைத்தோழன் ஒருவன் தனக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும்படி கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ அதுபோன்ற ஒன்றையோ வருணிக்க வேண்டும் என்பது வீட்டுப்பாடம். எழுத ஒப்புக்கொண்டவன், இறந்துபோன தன் தம்பியின் பேஸ்பால் கையுறையை வருணித்து வைக்கிறான். தம்பி இடக்கைக்காரன். மைதானத்தில் மட்டையடிக்க யாரும் வந்து நிற்காத நேரத்தில் படிப்பதற்கு என்று அந்தக் கையுறை முழுவதும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தவன். வெளியே சுற்றிவிட்டு இரவில் திரும்பிய தோழன் அதைப் படித்துவிட்டு, கேட்டதை எழுதாமல் ஒரு கையுறையைப் பற்றி எழுதியிருக்கிறாயே என்று எரிந்து விழுகிறான். எழுதியவன் ஒன்றும் பேசாமல் தாளை வாங்கிக் கிழித்துப் போடுகிறான்.

அந்த நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை', 1951 ஜூலையில் வெளிவந்தது. கையுறையைப் பற்றி எழுதிய ஹோல்டன் கால்ஃபீல்ட் என்னும் பதினாறு வயதுப் பையன், ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று, பென்சில்வேனியாவில் உள்ள விடுதிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிர்நாட்களில் வீட்டுக்கும் போகாமல் நியூயார்க்கில் சுற்றித் திரிகிறான். கதை என்று சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. பார்க்கிற எல்லோரையும் அவனுக்குப் பிடிக்காமல் போகிறது. எல்லோரும் 'ஃபோனி' என்கிறான். அகராதியைப் பார்த்தால் 'போலி' என்று இருக்கும். ஆனால் எங்கள் பள்ளி மைதானத்தில் நாள்தோறும் காதில் விழும் 'சீன் போடுறான்' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு மிகவும் நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

இந்த நூலைப் புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சண்டே மார்க்கெட்டில், ஜீன்ஸ் பேண்ட் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே விரித்திருந்த பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் படித்து முடித்தேன், சிறிதும் பிடிக்கவில்லை. புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்தவனுக்குக் கசப்பான எழுத்து புதிதல்ல. இந்தக் கசப்பு வேறு வகை என்றும், தின்று கொழுத்த வீட்டுப் பிள்ளையின் சலிப்பு என்றும் தோன்றியது. இப்போது பரணிலிருந்து எடுத்துத் தூசு தட்டியபோது ஐந்தாம் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்திருந்தது கண்ணில் பட்டது: 'இவனுக்கு என்ன குறை?' அந்தக் குறிப்பு, கையுறையைப் பற்றிய அதே பக்கத்தில் இருந்தது.

இருபது வயதில் அந்தப் பக்கத்தை எப்படித் தாண்டிப் போனேன் என்பது இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. என் தம்பியும் இறந்தவன்தான். தென்னாற்காடு பிரிந்து கடலூர் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குப் பதினான்கு வயது, அவனுக்கு ஒன்பது. ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவன், மூன்றாம் நாள் கழுத்து விறைத்து, கண் செருகி, நினைவு தப்பினான். மூளைக் காய்ச்சல் என்றார்கள். நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் கொசுவால் வருவது, பன்றியிடமிருந்து கொசு எடுத்து வருவது என்பதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது ஒரு வாடகை அம்பாசடர் கார் அவனைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனதும், இரண்டு நாள் கழித்து அதே கார் திரும்பி வந்ததும்தான்.

கார் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே என்னை நெல்லிக்குப்பத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயந்துகொள்வான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அங்கே கரும்பாலை ஓடத் தொடங்கும் பருவம் என்பதால் ஊர் முழுக்க வெல்லப்பாகும் புளிப்பும் கலந்த ஒரு மணம் நிற்கும். இன்றுவரை அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது சன்னலை மூடிவிடுகிறேன். கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கெடிலம் ஆற்றங்கரையில் புதைத்து, மூன்றாம் நாள் பால் தெளித்ததோடு முடித்துக்கொண்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி இல்லை; பறை இல்லை; படம் மாட்டி மாலை போடுவதுகூட ஆறு மாதம் கழித்துத்தான் நடந்தது. பெரியவர்கள் சாவுக்கு எங்களிடம் நாள் கணக்கு உண்டு. அழுவதற்கு ஒரு நேரம், குளிப்பதற்கு ஒரு நேரம், மொட்டை அடிப்பவன் யார், கொள்ளிக்குடம் உடைப்பவன் யார் என்று ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை உண்டு. சின்னப் பிள்ளையின் சாவு இவை எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் கிடக்கும்.

அன்றிரவு நெல்லிக்குப்பத்தில் மழை கொட்டியது. அத்தை வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருந்த நான், "அத்த, தம்பி நனைவானா?" என்று கேட்டேன். அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சும்மா கண்ண மூடிப் படுடா" என்றார்.

ஹோல்டனும் தன் தம்பியின் அடக்கத்துக்குப் போகவில்லை. ஆலி என்ற அந்தத் தம்பி 1946 ஜூலை 18 அன்று ரத்தப் புற்றுநோயால் இறக்கும்போது பதினொரு வயது, ஹோல்டனுக்குப் பதின்மூன்று. அன்றிரவு கார் கொட்டகையில் படுத்த ஹோல்டன், அங்கிருந்த சன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறும் முஷ்டியால் உடைக்கிறான். காரின் கண்ணாடியையும் உடைக்கப் பார்க்கிறான், அதற்குள் கை முறிந்துவிடுகிறது. அதனால் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடியபோது அவன் மருத்துவமனையில் கிடந்தான். பிறகு சில முறை பெற்றோருடன் கல்லறைக்குப் போகிறான், ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிடுகிறான். அதற்குக் காரணம் மழை. இரண்டு முறை அங்கே இருந்தபோது மழை பிடித்துக்கொள்கிறது. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தத்தம் காருக்குள் ஏறிக்கொள்கிறார்கள், ரேடியோ போடலாம், நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போகலாம். ஆலியால் மட்டும் எழுந்து போக முடியாது. அங்கே இருப்பது உடல் மட்டுந்தான், ஆன்மா வேறெங்கோ போய்விட்டது என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்றும், இருந்தாலும் ஆலி அங்கே இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் அவன் சொல்கிறான்.

இந்தப் பத்தியை ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாளன்று படித்தேன். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையேறி, அந்த ஊரில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேலான மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. சார்ஜ் விளக்கு மங்கும்வரை படித்துவிட்டு, மங்கியதும் மூடி வைப்பேன். அப்படி நிறுத்தி நிறுத்திப் படித்ததால்தானோ என்னவோ, முதல் வாசிப்பில் ஒரே இரைச்சலாகக் கேட்ட அந்தக் குரலுக்குள் மழை மூன்று இடங்களில் பெய்வது தெரிந்தது. கல்லறை மழை ஒன்று. முறிந்த கை இன்னமும் மழை நாட்களில் வலிக்கிறது, முஷ்டியை இறுக மடக்க முடிவதில்லை என்று போகிற போக்கில் அவன் சொல்லிவிட்டுப் போவது இன்னொன்று. மூன்றாவது மழை நாவலின் இறுதியில் வருகிறது.

ஹோல்டன் துக்கத்தைப் பற்றி நேராகப் பேசுவதே இல்லை. சினிமாவைத் திட்டுவான், அண்ணன் ஹாலிவுட்டுக்கு எழுதப் போனதைத் திட்டுவான். சென்ட்ரல் பார்க் குளத்து வாத்துகள் தண்ணீர் உறைந்தபின் எங்கே போகின்றன என்று டாக்ஸி ஓட்டுநரைக் கேட்பான். முதல் ஓட்டுநர் இவனைக் கிறுக்கனைப் போலப் பார்க்கிறார். இரண்டாமவர் வாத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறார். என் அத்தை கண்ணை மூடச் சொன்னதைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றியது; மீன்கள் பனிக்குள்ளேயே இருந்து பிழைத்துக்கொள்கின்றன என்று அந்த மனிதர் ஒரு பதிலையாவது சொல்கிறார். பிடித்துப்போன எதைப் பற்றியும் 'அது என்னைக் கொன்றுவிட்டது' என்பது ஹோல்டனுடைய வாய்ப்பாடு. நம் பையன்களும் 'சிரிச்சே செத்துட்டேன்' என்கிறார்கள்தான். ஆனால் ஆலியைப் பற்றிய நினைவுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வரும்போது அதை வெறும் வழக்குச் சொல்லாக என்னால் கடக்க முடியவில்லை.

நாவலின் எல்லாப் பகுதிகளும் எனக்கு உவப்பானவை அல்ல. நியூயார்க் ஓட்டலில் விலைமகள் வரும் பகுதி நீளம். முன்னாள் ஆசிரியர் அந்தோலினி நள்ளிரவில் செய்யும் உபதேசமும் எனக்கு அலுப்புத்தான். ஆசிரியர்கள் எல்லா நாட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம் போலும். ஆனால் அதே அந்தோலினியைப் பற்றி முன்பே வந்துபோகும் சில வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. பழைய பள்ளியொன்றில் ஜேம்ஸ் காஸல் என்ற மெலிந்த பையனை, அவன் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெறச் சொல்லிச் சிலர் அறைக்குள் அடைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். அவன் திரும்பப் பெறாமல் சன்னலிலிருந்து குதித்துவிடுகிறான். கல்படிகளில் கிடந்த உடலைத் தொட ஒருவரும் முன்வராதபோது அந்தோலினி தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, மருத்துவ அறைவரை தூக்கிச் செல்கிறார். கோட்டெல்லாம் ரத்தமாவதை அவர் பொருட்படுத்தவில்லை என்பதை ஹோல்டன் மறக்காமல் சொல்கிறான். இறந்தவன் உடுத்தியிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். இந்தச் செய்தியையும் அவன் வேறு எதையோ சொல்லும்போது இடையில் செருகிவிட்டு நகர்கிறான். அவன் எந்தப் பள்ளியிலும் நிலைக்காததற்கும் இந்த ஸ்வெட்டருக்கும் தொடர்பு உண்டா என்று எந்தத் தலைமை ஆசிரியரும் நாவலில் கேட்பதில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை. தம்பி போன பிறகான இரண்டு ஆண்டுகளில் நான் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன்; அப்பாவின் சட்டைப் பையில் காசு எடுத்தேன்; காரணம் இல்லாமல் ஒரு பையனின் மூக்கை உடைத்தேன். படித்த பள்ளியில் என்னை முட்டி போட வைத்தார்கள், அப்பாவை வரவழைத்தார்கள். வீட்டில் ஒரு சாவு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது முடிந்துபோன விஷயம், இது வேறு விஷயம் என்று இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன் என்பதுதான் இதில் விசேஷம். எனக்குக் கெட்ட புத்தி வந்துவிட்டது என்று நானே நம்பினேன்.

நாவலின் பெயருக்கு மூலம் ஹோல்டன் தவறாகக் கேட்ட ஒரு பாட்டு வரி. ராபர்ட் பர்ன்ஸின் வரியில் 'சந்தித்தால்' என்று இருப்பதை அவன் 'பிடித்தால்' என்று நினைவில் வைத்திருக்கிறான். பத்து வயதுத் தங்கை ஃபீபி உடனே திருத்துகிறாள். பெரிய ரை வயலில் ஆயிரக்கணக்கான சிறுபிள்ளைகள் விளையாடுகிறார்கள், வயலின் ஓரம் ஒரு செங்குத்துப் பள்ளம். ஓடி வந்து விழப்போகும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே தனக்குப் பிடித்த வேலை என்கிறான். ரை என்பது கோதுமை இனத்துத் தானியம், நான் பார்த்ததில்லை. படிக்கும்போது என் மனத்தில் வந்தது நெல்லிக்குப்பத்துக் கரும்புக் காடு. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கரும்புக்குள் ஓடும் பிள்ளைக்கு வயல் எங்கே முடிகிறது என்பது முடியும்வரை தெரியாது. இந்தப் பத்தியைப் பிள்ளைகளின் களங்கமின்மையைக் காக்கும் கனவு என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையைப் பிடிக்கத் தவறியவனுடைய கனவு என்று சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும்.

சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கரையில் இறங்கிய படைகளில் இருந்தவர். இந்த நாவலின் சில பகுதிகள் அப்போதே அவர் கைவசம் இருந்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். போர் முடிந்த 1945இல் நியூரம்பர்க்கில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். நாவலில் போர் கிட்டத்தட்ட இல்லை. ஒரு பையனின் சாவை நடுவில் வைத்துக்கொண்டு, அதையும் நாலைந்து இடங்களில் மட்டுமே காட்டி, மீதியெல்லாம் அதைச் சுற்றிய எரிச்சலாக எழுதியிருக்கிறார். இருண்ட நாவல் என்று இதைச் சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆறுதல் என்று ஒன்றை அவர் எங்கேயும் வைக்கவில்லை. ஐந்தாம் நிழற்சாலையில் நடக்கும் ஹோல்டனுக்கு, ஒவ்வொரு தெருமுனையிலும் நடைபாதையிலிருந்து கீழே கால் வைக்கும்போது அப்படியே மறைந்து போய்விடுவோம் என்று பயம் வருகிறது. என்னை மறைய விடாதே என்று ஆலியிடம் வேண்டிக்கொள்கிறான், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நன்றி சொல்கிறான். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதைப் போல, அவனுக்கு அவன் தம்பி.

மூன்றாவது மழை, ஃபீபி குடை ராட்டினத்தில் சுற்றும்போது பெய்கிறது. மற்றப் பெற்றோர்கள் எல்லாம் ராட்டினத்தின் கூரைக்குக் கீழே ஓடுகிறார்கள். ஹோல்டன் மட்டும் எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து தொப்பலாக நனைகிறான். ஏனென்று தெரியாத ஒரு சந்தோஷத்தில் கத்தி அழ வேண்டும் போலிருக்கிறது அவனுக்கு. அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆலிக்கு மழை பெய்த அன்று ஓடிப்போனவர்கள் கூட்டத்தை அவனால் மன்னிக்க முடியவில்லை என்பதும், இந்த முறை அவன் ஓடவில்லை என்பதும்தான். அதற்கு அடுத்த அத்தியாயத்தில், ஒரே ஒரு பக்கத்தில், ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்துகொண்டு, சொன்னதெல்லாம் சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னால் எல்லோருடைய இல்லாமையும் உறைக்கத் தொடங்கிவிடுகிறது என்று முடித்துவிடுகிறான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த மாணவனைக் கூப்பிட்டு, மழைக்காலத் தாளைக் கொண்டு வா, மதிப்பெண்ணை மாற்றித் தருகிறேன் என்றேன். "பரவால்ல சார். அது தலைப்புல இல்லதான்" என்றான். தார்ப்பாய் இந்தப் புயலுக்குத் தாங்கியதா என்று கேட்டேன். தாய்மாமா வந்து கட்டிக் கொடுத்ததாகவும், அவர் வடக்கு முனையை முதலில் கட்டிவிட்டதாகவும், தான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னான்.

தம்பியின் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. மூடியின் உட்பக்கம் கவராயத்தின் முனையால் தெரு கிரிக்கெட்டில் தான் எடுத்த ஓட்டங்களை அவன் கீறி வைத்திருந்தான். 28 என்று கீறியிருப்பது பச்சைப் பொய், அன்று பந்து வீசியவன் நான்தான். அம்மா அதை ஊசியும் நூலும் பித்தானும் போட்டு வைக்கும் டப்பாவாக ஆக்கிக்கொண்டு முப்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. தம்பியைப் புதைத்த இடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. கரையில் அந்த இடம் எது என்பது இப்போது எனக்கு அடையாளம்கூடத் தெரியாது.

புயல் கடந்த மறுநாள் இரவு, விளக்கு மங்கியதால் நான் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் சாய்ந்திருந்த அம்மா, அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் ஊசி கோக்க முடியாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஓயாமல் மழை.

"கெடிலத்துல தண்ணி ஏறியிருக்குமாடா?" என்றாள்.

"பாலத்தத் தொடலம்மா. சாயங்காலம் பாத்துட்டுதான் வந்தேன்."

"நான் பாலத்தக் கேக்கல" என்றாள் அம்மா.